வால் வைத்த கையெழுத்து

மார்ச் 14, வியாழன்.

இன்று ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். ஒப்புதல் கடிதத்தில் அப்பாவையே கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டேன்.

பயணத்துக்கு இன்னும் எட்டு நாள். பட்டியலில் மொத்தம் பத்தொன்பது வேலைகள். பாஸ்போர்ட் நகல் மூன்று எடுத்தாயிற்று. பெட்டியை நான்கு தடவை எடை பார்த்தாயிற்று. நான்கு தடவையும் ஒரே எடைதான். ஆனாலும் சந்தேகம் போகவில்லை.

பதினேழாவது வேலை இந்தக் கடிதம். பதினெட்டு வயது நிரம்பாதவள் தனியாக நாடு விட்டு நாடு போவதென்றால் அப்பா எழுதித் தர வேண்டும். எனக்குப் பதினெட்டாக இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.

மாலை வகுப்பில் மொழி படிக்கும் நாற்பது பேரில், அந்த மொழி பேசும் ஊருக்கே போய் மூன்று வாரம் படிக்கத் தேர்வானது நான் ஒருத்திதான். எப்படித் தேர்வானேன் என்று எனக்கே இன்னும் விளங்கவில்லை.

அப்பா பேக்கரியிலிருந்து நேராக வந்துவிட்டார், காது மடலில் மாவோடு. வழியெல்லாம் விமான நிலைய அதிகாரி வேஷம்.

"பெட்டியில என்னம்மா இருக்கு? யாரு அடுக்குனது?"

நான் அந்த ஊர் மொழியில் பதில் சொன்னேன். ஒரு வார்த்தைகூடப் புரியாமல், ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டி என்னை உள்ளே விட்டார்.

வகுப்பு அலுவலகத்தில் கடிதத்தை நிதானமாகப் படித்தார். 'என் மகள் பொறுப்பானவள் என்று உறுதி கூறுகிறேன்' என்ற வரியை மட்டும் இரண்டு தடவை, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி. பிறகு கையெழுத்துப் போட்டார்.

அலுவலக அக்கா என் கோப்பைத் திறந்தார். மாதத் தேர்வுத் தாள்கள் பதினான்கு. ஒவ்வொன்றின் அடியிலும் அப்பாவின் கையெழுத்து. கடிதத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

"இது உங்கப்பா கையெழுத்து இல்லையே," என்றார், அப்பாவை வைத்துக்கொண்டே.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முதல் தாள் வந்த அன்று, நான் வீட்டுக்கு வருவதற்குள் அப்பா தூங்கிவிட்டிருந்தார். விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டப் போகிறவர். எழுப்ப மனம் வரவில்லை. நானே போட்டுவிட்டேன்.

அப்பாவின் நிஜக் கையெழுத்து, யாரோ கூப்பிட்டது போலப் பாதிப் பெயரில் நின்றுவிடும். நான் அடியில் ஒரு கோடு இழுத்து, நீளமாக ஒரு வாலும் வைத்தேன். முதல் தடவை வைத்துவிட்டதால் பதினான்கு தடவையும் வைக்க வேண்டியதாயிற்று.

கையெழுத்து பொய் என்று தெரிந்தால் பயணத்துக்குத் தேர்வானது ரத்து. அக்காவின் தலைக்கு மேலேயே அந்த அறிவிப்பு ஒட்டியிருந்தது.

அப்பா அடையாள அட்டையை எடுக்கச் சட்டைப்பையில் கைவிட்டார். அட்டையில் இருப்பது வால் இல்லாத கையெழுத்து.

அதற்குள் தாள்கள் அவர் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றாகப் புரட்டினார். பதினான்கையும். பிறகு தலையைத் தூக்கி அந்த அறிவிப்பைப் படித்தார்.

பையிலிருந்து கை வெறுமனே வெளியே வந்தது.

"காலையிலேர்ந்து மாவு பிசைஞ்ச கைங்க, சொன்ன பேச்சு கேக்கல. நாளைக்கு வந்து ஒழுங்கா போட்டுத் தரேன்."

அக்கா புதுப் படிவம் ஒன்றை எடுத்து வைத்தார். நாளை பத்து மணிக்குள், தன் கண்ணெதிரே போட வேண்டும் என்றார்.

பேருந்து நிறுத்தம் வரை அப்பா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார்.

"ஆகஸ்ட்ல முப்பத்தெட்டு மார்க்கா?" என்றார் திடீரென்று. "அதுல நான் எப்படிம்மா கையெழுத்துப் போட்டேன்?"

அழத் தயாராக இருந்தவள் நான். முதலில் சிரித்தது அவர்.

"இனிமே தூங்குனாலும் எழுப்பு," என்றார் சிரித்து முடித்து. அதில் சிரிப்பு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தோம். நான் போட்டுக் காட்ட, அவர் பார்த்துப் போட்டார். கோடு உடனே வந்துவிட்டது. வால்தான் ஒன்பதாவது தடவையில் கொஞ்சம் வளைந்து கொடுத்தது.

"இந்த வால் எதுக்கு?"

"உங்களுக்கு நல்லா இருக்கும்னு நெனச்சேன்ப்பா."

தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு."

நாளை, வெள்ளி: பதினேழாவது வேலை பாக்கி. கிளம்புவதற்கு முன், அப்பாவின் கையெழுத்தை அப்பாவுக்கு இன்னும் பத்து தடவை பழக்க வேண்டும்.