கேனில் போட்ட கோடு

“நாற்பத்தெட்டா? நல்லா பாத்துச் சொல்லுங்க மேடம், எண்பத்து நாலா இருக்கும்!”

சோதனைக்கூடத்துப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். நாற்பத்தெட்டேதான்.

லிப்ட் மெக்கானிக்குக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். நிமிடத்துக்கு எண்பது மில்லி ரத்தத்தையாவது சுத்தம் செய்கிற கிட்னி என்றால்தான் டாக்டர் எடுப்பாராம்.

“ரத்த டெஸ்ட் நல்லாத்தானே வந்துச்சு?”

“அதான் எனக்கும் இடிக்குது. கிரியாட்டினின்னு ஒரு கழிவு சார். உங்க உடம்புக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு வெளியேறணும்னு ஒரு கணக்கு இருக்கு. நீங்க ஒரு நாள் முழுக்க யூரின் பிடிச்சுக் கொண்டுவந்த இந்தக் கேன்ல அதுல பாதிதான் இருக்கு. நடுவுல எப்பவாவது பிடிக்க மறந்துட்டீங்களா?”

“நானா! ஒவ்வொரு தடவையும் கேன்மேல பேனாவால கோடு போட்டு, மணி எழுதியிருக்கேன். கடைசிக் கோடு வரைக்கும் அப்படியே இருக்கு, பாருங்க!”

“கோடு சரிதான். உள்ள இருக்கறதுதான் சரியில்ல. யாரோ பாதியைக் கொட்டிட்டுத் தண்ணி ஊத்தியிருக்காங்க. நாளைக்கு முழுக்கப் புதுசாப் பிடிச்சுட்டு வாங்க.”

அவன் மெல்லத் திரும்பி, கூட வந்திருந்த மனைவியைப் பார்த்தான்.

“என்னை ஏன் பாக்கறீங்க?”

“வேற யாரைப் பாக்கச் சொல்ற? ரெண்டு புள்ளைங்களை வச்சுக்கிட்டு இதெல்லாம் தேவையான்னு ஊரைக் கூட்டினது நீதானே?”

“ஆமா, கத்தினேன். இன்னமும் கத்துவேன், எனக்குப் பயம்மா இருக்கு. அதுக்காகத் திருட்டுத்தனம் பண்ணுவேனா?”

இருவரும் பைக்கில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். சிக்னலில் சிவப்பு மாறுவதற்குள் நாலு தடவை ஹாரன் அடித்தான். மடியில் புதுக் காலிக் கேனோடு பின்னால் உட்கார்ந்திருந்தவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள்.

வீட்டு வாசலிலேயே, அவர்களோடு தங்கியிருக்கும் அக்கா நின்றுகொண்டிருந்தாள். நாற்காலியை விட்டு எழவே யோசிக்கிறவள் இன்று கதவு வரை வந்திருந்தாள்.

“என்னடா, உன்னுது ஆகாதுன்னு சொல்லிட்டாங்களா?”

“நாற்பத்தெட்டுன்னாங்க. ஆனா நம்பமாட்டேங்கறாங்க அக்கா. அந்தக் கேன்ல ஏதோ தப்பாம். மறுபடியும் பிடிக்கணுமாம்.”

அக்காவின் முகம் வாடிவிட்டது.

“எப்படிடா கண்டுபிடிச்சாங்க? நீ போட்ட கோடு வரைக்கும் சரியாத்தானேடா தண்ணி ஊத்தி வச்சேன்!”