பனிப்பாறைக்கு முந்தின நாள் தண்ணீர்

கப்பலில் அடுத்தவர் சங்கதி எதுவும் என் காதுக்குத் தப்பாது. ஆராய்ச்சி மாணவி பூங்கோதை இந்தக் கப்பலுக்கு வந்தது, மிதந்துபோகும் பனிப்பாறை கடலின் நுண்ணுயிர்களை எப்படி மாற்றுகிறது என்று பார்க்க. பாறை வருமுன் ஒரு புட்டித் தண்ணீர், போனபின் ஒரு புட்டி. மூன்று வருடப் படிப்பே அவ்வளவுதான். இந்த அம்மணி காய்ச்சலில் கிடந்த ஒரே நாளில், முதல் புட்டியைப் பிடிக்குமுன்பே, பாறை கடந்துவிட்டது. "முன்னது இல்லாம மத்ததெல்லாம் வெறும் தண்ணிதான்" என்று சாப்பாட்டு மேசையில் அழுதாள். நான் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சமையல்காரர் சவரிராயன் எழுந்துபோய் ஒரு பாட்டிலோடு வந்தார். அவர் தம்பி கடலில் போனவன், உடல் கிடைக்கவில்லை. போகிற கடலிலெல்லாம் தண்ணீர் பிடித்துவந்து அவனுடைய வெற்றுக் கல்லறையில் ஊற்றுவார். இது பாறை வருவதற்கு முந்தின நாள் பிடித்தது.

அவள் முகம் மலர்ந்தது. "எங்க வச்சிருந்தீங்கண்ணே?"

"ஹீட்டர் பக்கத்துலதாம்மா. தம்பிக்குக் குளிரு ஒத்துக்காது."

அந்தச் சூட்டில் பழைய உயிர்கள் செத்து வேறெதுவோ பெருகியிருக்கும் என்று எனக்கே தெரியும். அவளோ பேனாவை எடுத்துப் பாட்டிலில் 'முன்' என்று எழுதி, இரண்டு கைகளாலும் அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.