வீட்டில் எருக்கு

அரிவாளோடு வந்த பால்பாண்டியை அவன் மனைவி வேல்விழி மறித்தாள்.

"எருக்கு முளைச்ச வீடு வெளங்காதுன்னு ஜெயமங்கலமே சிரிக்குது. நீ ஆளுயரத்துக்கு வளத்து வச்சிருக்க. தள்ளு!"

"வெட்டுறதுக்கு முந்தி ஒருதரம் கிட்டப் போயிப் பாருங்க."

போனான். பூவுக்குப் பூ கருவண்டு. வெயில் பட்ட சிறகெல்லாம் நீலமாக மின்னின. எருக்கில் தேன் குடித்த கூட்டம் அவன் தலைக்கு மேலே இரைந்து பறந்து, கொல்லை முருங்கைப் பூக்களில் இறங்கியது. போன வருடம் பூவெல்லாம் உதிர்ந்து வெறுமனே நின்ற மரங்களில் இன்று கிளை தாழக் காய்.

பால்பாண்டி அரிவாளைத் தாழ்த்தினான்.

"எல்லாம் இந்த வண்டு செஞ்ச வேலையா? இதை நடணும்னு உனக்கு எப்படிப் புள்ள தோணுச்சு?"

"நான் எங்க நட்டேன்? வரப்புச் சண்டையில உங்க பெரியம்மா, 'உன் வீட்டுல எருக்கு முளைக்க'ன்னு சாபம் விட்டாகல்ல? மறுநாள் விடியக்காலையில அவுகளே வந்து நட்டுட்டுப் போனதைப் பார்த்தேன்."

"பார்த்துட்டுச் சும்மாவா இருந்த?"

"சும்மா இருப்பேனா? பூத்தா வண்டு வருமேன்னு தினமும் தண்ணி ஊத்துனேன்."

பால்பாண்டி அரிவாளை ஓங்கி, முருங்கையில் ஒரு கட்டுக் காயை அறுத்தான்.

"யாருக்குங்க?"

"பெரியம்மாவுக்குத்தான்."