மூன்றாவது வருஷத்துப் பங்கு

வாசலில் சபைப் பொருளாளரைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது. கணவன் இறந்த பிறகு, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்கும் தசமபாகத்தை அவள் கொடுக்கவே இல்லை.

"மன்னிச்சிடுங்க அண்ணே. தையல்ல வர்றது வாடகைக்கும் பிள்ளைங்களுக்குமே பத்தல. அடுத்த மாசம் எப்படியாவது கொடுத்துடறேன்."

"நான் வாங்க வரலம்மா" என்றவர், வண்டியிலிருந்து மாவு மூட்டையையும் எண்ணெய் டின்னையும் இறக்கி வைத்தார். "சபையார் கொடுத்த தசமபாகத்துல ஒரு பங்கு. இனி மாசாமாசம் வரும்."

அவள் பதறினாள். "ஐயோ, ஆண்டவருக்குப் படைச்சதை நான் எப்படிச் சாப்பிடறது?"

"பைபிள்ல மோசேயோட சட்டத்துலயே இருக்கும்மா. ஒவ்வொரு மூணாவது வருஷத்துத் தசமபாகமும் ஊர்லயே இருக்கணும். தகப்பனில்லாத பிள்ளைங்களும் கணவனை இழந்தவங்களும் அதுல வயிறாரச் சாப்பிடணும். எங்களுக்கே பிரசங்கத்துல கேட்டுத்தான் தெரியும்."

"புதுப் போதகர் சொன்னாரா?"

"இல்லம்மா. போன வருஷம் உங்க வீட்டுக்காரர் சொன்னது. நீங்க அப்போ பக்கத்து அறையில பிள்ளைங்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துட்டு இருந்தீங்க. எங்க போதகர் பேச்சை நாங்க தட்டுவோமா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைகூப்பினாள். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"பிள்ளைங்களா, ஓடி வாங்க. அப்பா அனுப்பியிருக்கார்."