பிசின்

ஜன்னலை அடைத்துவிட்ட ஓர் அறையில், தொட்டிக்குள் ஒரு குட்டைப் பெண் கஞ்சாச் செடி நின்றது. அதற்கு விளக்குதான் வெயில், மூலையில் சுழன்ற மின்விசிறிதான் காற்று.

பூ விட்டதிலிருந்து செடி விசிறியைக் கேட்டுக்கொண்டே இருந்தது. “அண்ணே, பக்கத்துத் தொட்டியில இருந்தவரு எங்க? அவரோட மகரந்தம் ஏதாச்சும் காத்துல வருதா?”

அந்த ஆண் செடியை வீட்டுக்காரன் வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டதை விசிறி பார்த்திருந்தது. இருந்தும், “வந்துரும்மா. கொஞ்சம் பொறு,” என்றது.

செடி நம்பியது. தூசியாய் வரும் மகரந்தம் ஒட்டாமல் போய்விடக் கூடாதே என்று பூவெல்லாம் பிசின் சுரந்தது. வராத நாளெல்லாம் இன்னும் கொஞ்சம் சுரந்தது.

ஒருநாள் வீட்டுக்காரன் பூதக்கண்ணாடியோடு குனிந்தான். பூவைத் தொட்ட விரலில் பிசின் இழுபட்டது. “இது போதும்,” என்று கத்திரியைத் தேடினான்.

விசிறிக்கு அப்போதுதான் விளங்கியது. ஆண் செடியைப் பிடுங்கியது போதை தரும் இந்தப் பிசினுக்காக. தான் சொன்ன பொய்யும் இதற்குத்தான் உரமாகியிருக்கிறது.

“அண்ணே, யாரோ என்னத் தொட்டாங்க,” என்றது செடி. “அவரு வந்துட்டாரா?”

கத்திரி பக்கத்தில் வந்துவிட்டது.

“வந்துட்டாரும்மா,” என்றது விசிறி.