கொயினாவுக்கு ஒரு கோழி

சிவக்கொழுந்து கோழியைத் தூக்கி மேசைமேல் வைத்தாள்.

கால் கட்டிய கோழி. மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி தியாகலிங்கத்தாரின் மைக்கூட்டைத் தட்டிவிட்டுச் சிறகை அடித்துக்கொண்டு கிடந்தது.

"நல்ல மருந்தாய்த் தாங்கோ ஐயா. பிள்ளை கண் முழிக்கிறாளில்லை."

ஒழுங்கை நெடுக ஓடி வந்தவள். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

வீட்டில் மகள் கமலாவதி குளிர்காய்ச்சலில் பாயோடு பாயாகக் கிடக்கிறாள். இரண்டு சாக்கும் ஒரு சேலையும் போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. மூத்தவன் செத்த பிறகு சிவக்கொழுந்துக்கென்று மிஞ்சியது அந்த ஏழு வயதுக் குஞ்சு ஒன்றுதான்.

சுவரோர வாங்கில் குந்தி முறைக்குக் காத்திருந்த கந்தப்புக் கிழவர் வாயைக் கோணிச் சிரித்தார்.

"கோழி காணுமோ பிள்ளை? முந்தி இஞ்சை இருந்து போன ஐயா ஆட்டுக்குக் குறைய மருந்து அலுமாரி திறவார்."

"ஆடு மாரி மழையோடை செத்துப்போட்டுது அப்பு. இருக்கிறது இதுதான்."

தியாகலிங்கத்தார் அந்த அரசாங்க மருந்துச்சாலைக்கு மாற்றலாகி வந்து ஒன்பது நாள். வந்த அன்றைக்கே வாசலில் ஒரு பலகை எழுதித் தொங்கவிட்டார். மருந்து இலவசம், ஒருவரும் ஒன்றும் கொண்டுவர வேண்டாம் என்று.

சிவக்கொழுந்துக்கு எழுத்துத் தெரியாது. பலகையில் இருப்பது புது ஐயாவின் விலையாக்கும் என்று எண்ணி, அந்தப் பக்கம் பார்க்கவும் பயந்து உள்ளே வந்திருந்தாள், பாவி.

அவர் கோழியைத் தொடவில்லை.

"உந்தக் கோழியை எடும் பிள்ளை. காலமை காய்ச்சலுக்குக் கொயினா மருந்து ஊத்தித் தந்தனானெல்லோ? எத்தனை தரம் பருக்கினீர்?"

அவள் மடியைப் பொத்திப் பிடித்தாள்.

"போத்தில் எங்கை?"

மடியிலிருந்து எடுத்து வைத்தாள். வெறும் போத்தில்.

"ஊத்திப்போட்டன் ஐயா. வேலியடியிலை."



தியாகலிங்கத்தார் எழுந்து போய் அலுமாரிக் கதவு இரண்டையும் விரியத் திறந்தார். கொயினாச் சாடி கழுவிக் கவிழ்த்தபடி கிடந்தது. கொயினாப் பட்டை வரும் யாவாத் தீவை யப்பான்காரன் பிடித்ததிலிருந்து கொழும்பிலேயே தட்டுப்பாடு. அடுத்தது எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது.

"உமக்குத் தந்ததுதான் கடைசி. அதைக் கேட்டு நேற்று உடையார் வீட்டாலை ஒரு வண்டில் நெல் வந்தது. திருப்பி அனுப்பினன். காலமை வரிசையிலை முதல் ஆள் நீர் எண்டுதான் உமக்குத் தந்தன்."

வெறும் போத்திலைக் கையில் எடுத்தார்.

"ஏன் பிள்ளை ஊத்தினீர்?"

அவள் மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"நீங்கள் என்னட்டை ஒண்டும் வாங்கேல்லையே ஐயா. வெறுங்கையோடை வாறவைக்குப் போன ஐயா சாயத்தண்ணிதான் ஊத்திவிடுறவர். மூத்தவனுக்கு நான் அதைத்தான் மூண்டு நாள் பருக்கினனான்."