கரடி கொடுத்த கிழங்கு

சிங்கராஜா போருக்கு அழைத்தால் கரடி தன் கூட்டத்தோடு போகும். மனசில்லாவிட்டால் போகாது, அப்போது ராஜாவே குகை வாசலுக்கு வந்து கெஞ்சும். ஒரு கட்டத்தில் கரடிக்கு இந்த அலைச்சல் அலுத்துப்போனது.

"இனி எங்களைக் கூப்பிடாதே. என் மலைக்கிழங்கில் பாதியைத் தருகிறேன். அதைப் போட்டு வேறு யாரையாவது வைத்துக்கொள்" என்றது.

சிங்கம் சரியென்று காட்டுப்பன்றிகளைச் சேர்த்துக்கொண்டது. போரிலும் ஜெயித்தது.

அடுத்த வருஷம் கரடி கிழங்கு அனுப்பவில்லை. ராஜா ஆளனுப்பியதும் எரிச்சலோடு சிங்கத்தின் குகைக்குக் கிளம்பிப் போனது.

"போர்தான் முடிந்துவிட்டதே, இன்னும் கிழங்கு எதற்கு?"

"பன்றிகளுக்குப் பசி முடியவில்லையே" என்றது சிங்கம்.

"அப்படியானால் அவற்றை அனுப்பிவிடு."

"நீயே சொல்லிப் பார்."

கரடி திரும்பிப் பார்த்தது. வாசலை அடைத்துக்கொண்டு பன்றிகள் நின்றன. எல்லாம் அதன் கிழங்கைத் தின்று கொழுத்தவை. கரடி மறுபடி சிங்கத்தின் பக்கம் திரும்பியது.

"எத்தனை மூட்டை கொண்டுவரட்டும், மகாராஜா?" என்று கேட்டது.